புயலும் கலப்பற்றும்

கடலைப் பற்றிய தமிழ்க் கதை எதை வாசித்தாலும் எனக்கு ஒரு கேள்வி மிச்சமாகிவிடும். புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் அந்தப் படகில் என்ன நடந்தது? கிழிந்த பாயை யார் தைத்தார்கள்? பலகை இடுக்கு வழியாக உள்ளே வந்த தண்ணீரை எத்தனை நாள் இறைத்தார்கள்? கதை பெரும்பாலும் அதற்குள் கரையேறிப் போய்விடுகிறது.

இப்படிக் கேட்பது தொழில் புத்தியாகவும் இருக்கலாம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, துறைமுகத்தில் கிரேன் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் வேலையின் லட்சணம் இதுதான்: ஒழுங்காகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததை எப்படிக் கதையாக எழுதுவது என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. எழுதலாம், எழுதியிருக்கிறார்கள் என்று சொல்ல எனக்குக் கிடைத்த புத்தகம் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1969இல் வெளியிட்ட 'எ வேர்ல்ட் ஆஃப் மை ஓன்'. விக்டோரியா ஸ்ட்ரீட் நூலகத்திலிருந்து இரண்டு முறை எடுத்து வாசித்தேன். அதை வைத்துக்கொண்டு நம் கடல் எழுத்தைக் கொஞ்சம் உரசிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பாய்மரப் படகில் தனியாக, எங்கும் நிற்காமல், முதன்முதலில் உலகைச் சுற்றியவர் அவர். 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத்திலிருந்து கிளம்பி 1969 ஏப்ரல் 22 அன்று அதே துறைமுகத்துக்குத் திரும்பினார். மொத்தம் 312 நாட்கள். போட்டியில் இறங்கிய ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவர்தான். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த செய்தி. அவர் போன 'சுஹைலி' என்ற படகு எங்கே பிறந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அது பம்பாயில் கட்டப்பட்ட படகு.

அப்போது அவர் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியில் அதிகாரி. நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாக ஒரு படகு கட்டிக்கொள்ள ஆசை. இங்கிலாந்திலிருந்து தபாலில் வரைபடம் தருவித்தார்கள். எதிர்பார்த்ததற்குப் பதிலாக 'எரிக்' என்ற பழைய வடிவம் வந்து சேர்ந்தது. முன்னும் பின்னும் கூராக, நார்வேயின் மீட்புப் படகுகளின் வழியில் வந்த கனமான வடிவம். சரி, இருக்கட்டும் என்று அதையே கட்டச் சொன்னார்கள். பம்பாய்த் தச்சர்கள் தேக்கில் கட்டினார்கள். வாய்ச்சியால் செதுக்கி, கயிறு சுற்றிய வில்லை இழுத்துத் துளை போட்டு, 32 அடிப் படகு. 1965 டிசம்பரில் தம்பியோடும் ஒரு நண்பரோடும் அதிலேயே குடியிருந்தபடி பம்பாயை விட்டுக் கிளம்பினார். கையில் காசு தீர்ந்ததும் தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்துச் சேர்த்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். உலகம் சுற்ற இவருக்குப் புதுப் படகு வாங்க வசதியில்லாததால்தான் சுஹைலி மறுபடி கடலுக்குப் போனது.

புத்தகத்தை வீர சாகசமாக வாசிக்கலாம், பலரும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். நான் வாசித்தபோது கண்ணில் பட்டது வேறு. அந்த மனிதர் பாதி நேரம் எதையாவது பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார். பாய் தைக்கிறார். தானாகத் திசை பிடிக்கும் கருவி உடைகிறது, ஒட்டுப்போடுகிறார், மறுபடி உடைகிறது, கடைசியில் அது இல்லாமலே போகப் பழகிக்கொள்கிறார். பேட்டரியின் அமிலம் கண்ணில் தெறிக்கிறது. தென்கடலில் ஓர் அலை படகைப் புரட்டிப் போட்ட பிறகு கேபினே இடம் பெயர்ந்திருக்கிறது. அதை இறுக்குகிறார்.

இரண்டு இடங்களைச் சொல்ல வேண்டும். முதலாவது, கிளம்பிச் சில வாரங்களில் அட்லாண்டிக்கில் நடப்பது. படகுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. குதித்துப் பார்த்தால், ஏராவுக்குச் சற்று மேலே பலகை இடுக்கு திறந்து திறந்து மூடுகிறது. ஏரா என்பது படகின் அடிமுதுகெலும்பு. மரப்படகில் பலகைகளை விளிம்போடு விளிம்பு வைத்து அடித்து, இடுக்குகளில் பஞ்சோ கயிற்றுநாரோ திணித்து மேலே மெழுகுவார்கள். தண்ணீரில் இறங்கியதும் மரம் உப்பி அந்தப் பஞ்சை இறுகப் பிடித்துக்கொள்ளும். இதற்குத் தமிழில் கலப்பற்று என்று பெயர். இங்கே படகு நடுக்கடலில் இருக்கிறது, தண்ணீருக்கடியில் பஞ்சைத் திணித்தால் சுத்தியல் படுவதற்குள் மிதந்து வெளியே வந்துவிடுகிறது. யோசிக்கிறார். பஞ்சை நீளமான கித்தான் பட்டையில் தைத்து, தார் பூசி, இடுக்கின் மேல் செப்பு ஆணிகளால் அடிக்கிறார். பிறகு அதற்கு மேல் செப்புத் தகடு. ஒவ்வொரு ஆணிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்க வேண்டும். உடம்பின் வெளுப்பு சுறாவின் கண்ணில் படக்கூடாது என்று சட்டையும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு இறங்குகிறார். அப்படியும் ஒரு சுறா வந்து சுற்றுகிறது, மேலேறித் துப்பாக்கியால் சுட்டுவிட்டு மறுபடி இறங்குகிறார். எந்தப் புயல் வர்ணனைக்கும் குறையாத பதற்றம் இந்தப் பக்கங்களில் இருக்கிறது. அந்தப் பதற்றம் எப்படி வருகிறது என்றால், இடுக்கு ஏன் திறக்கிறது, பஞ்சு ஏன் நிற்காது என்பதை முன்கூட்டியே நமக்குப் புரியவைத்துவிடுகிறார். சுறா பிறகுதான் வருகிறது.

இரண்டாவது இடம் சின்னது. மின்னேற்றும் சிறு இயந்திரத்தின் தீப்பொறி இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லை. ஒரு புத்தகத்தின் தாள்களை எண்ணுகிறார். ஓர் அங்குலத்துக்கு இருநூறு தாள். அப்படியானால் ஒரு தாள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. வேண்டியது பன்னிரண்டு முதல் பதினைந்து. மூன்று தாளை இடையில் வைத்து முடுக்குகிறார், வேலை முடிகிறது. புத்தகம் படிப்பதால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் இனி இதைத்தான் சொல்லப் போகிறேன்.

இந்தப் புத்தகத்தின் மீது எனக்கு ஒரு குறையும் உண்டு. தலைப்பே 'எனக்கே எனக்கான ஓர் உலகம்' என்ற பொருளில் இருக்கிறது. ஆனால் அவர் காலுக்குக் கீழே இருந்த அத்தனை அங்குலமும் பம்பாய்த் தச்சர்களின் கைவேலை. தனிமைப் பயணம் என்று சொல்லப்படும் எதிலும் இப்படிச் சிலர் பெயரில்லாமல் உடன் போகிறார்கள். இருந்தாலும், தான் செய்த பழுதுவேலையையாவது அவர் மறைக்கவில்லை. ஆங்கிலக் கடல் எழுத்தில் இதற்கு ஒரு முன்மரபும் இருக்கிறது. தனியாக உலகைச் சுற்றிய முதல் ஆள் ஜோஷுவா ஸ்லோகம் 1900இல் வெளியிட்ட தன் புத்தகத்தைப் படகைப் புதுப்பித்த கணக்கோடுதான் தொடங்குகிறார்: பொருள் செலவு 553 டாலர் 62 சென்ட், உழைப்பு பதின்மூன்று மாதம். அந்தச் சில்லறைக் கணக்கை எழுதிவிட்டுத்தான் கடலுக்குப் போகிறார். வாசகன் அவரை நம்புவதற்கு அதுவே போதுமாக இருக்கிறது.

*

இப்போது நம் பக்கம். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்தது. தென்கிழக்காசியத் தமிழனுக்கு அதைவிட நெருக்கமான நாவல் வேறு கிடையாது என்றே நினைக்கிறேன். மலாக்கா நீரிணையில் தொங்கான் புயலில் மாட்டும் அத்தியாயம் தமிழின் மிகச் சிறந்த கடல் பக்கங்களில் ஒன்று. மொழியே அலைபோல எழுந்து விழும். ஆனால் அந்தப் புயலில் தொங்கான் ஓர் உருவகமாக மாறிவிடுகிறது. போரில் சிக்கிய காலம், வேரறுந்த மனிதன், இப்படி. நாவலுக்கு அது தேவை. பாண்டியன் கரையிறங்கியதும் தொங்கானோடு நமக்கிருந்த உறவு முடிந்துவிடுகிறது. அதைச் சிங்காரத்தின் குறையென்று சொல்லமாட்டேன். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவரிடமிருந்து புயலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் என் வருத்தம். கடல் என்றால் புயல், படகு என்றால் வாழ்க்கை, அவ்வளவுதான்.

ஜோ டி குரூஸ் இதில் விதிவிலக்கு. 'ஆழி சூழ் உலகு' (2004) கடலில் தத்தளிக்கும் மூன்று பேரை வைத்துத்தான் கதையைக் கட்டுகிறது என்றாலும், கட்டுமரத்தின் வேலை அதன் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது. தூத்துக்குடித் தோணித் தொழிலின் ஒரு நூற்றாண்டைச் சொல்லும் 'கொற்கை' (2009) இன்னும் விரிவானது. சொற்களுக்காகவே அதை வாசிக்கலாம். அணியம், பருமல், தாமான் என்று நம் அகராதியில் தூங்கும் சொற்கள் அந்த உலகத்தில் வியர்வையோடு புழங்குகின்றன. ஆனால் இந்த நாவல்களைப் பற்றி வந்த விமர்சனங்களைப் பாருங்கள். சமூக வரலாறு, மதம், சாதி, வட்டார வழக்கு எல்லாம் பேசுவார்கள். தொழில்நுட்பம் பற்றி ஒரு பத்தி தேறாது. கட்டுமரத்தின் மரங்களைக் கரைக்கு வந்ததும் அவிழ்த்துப் போட்டுக் காயவைப்பார்கள், ஏனென்றால் மரம் தண்ணீர் குடித்துக்கொண்டே போனால் கனத்துவிடும். அதாவது அந்தக் கலத்தை அவிழ்த்து மறுபடி கட்டுவதே அதன் பராமரிப்பு. பெயரிலேயே 'கட்டு' இருக்கிறது. இந்தச் சொல்லை உலகத்துக்கே கொடுத்துவிட்டு, கட்டும் வேலையை நாம் கவனிக்காமல் விட்டோம்.

இன்னொரு உதாரணம் அன்னபூரணி. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டப்பட்ட 89 அடிப் பாய்க்கப்பல். அமெரிக்கரான வில்லியம் ராபின்சன், 32 அடி 'ஸ்வாப்' படகில் ஏற்கெனவே உலகைச் சுற்றியவர், அதைப் பார்த்து மயங்கி விலைக்கு வாங்கினார். 'ஃப்ளாரன்ஸ் சி. ராபின்சன்' என்று தன் மனைவியின் பெயரை வைத்தார். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐந்து பேர் உடன் போக, சூயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா வழியாக 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசசூசெட்ஸின் க்ளாஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. தமிழில் இதைப் பற்றி நான் வாசித்த கட்டுரைகள் எல்லாம் பெருமிதத்தோடு தொடங்கிப் பெருமிதத்தோடு முடிகின்றன. பெருமைப்பட வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் பழகிய பாக்கு நீரிணைக்கும் வங்கக் கடலுக்கும் அப்பால், அட்லாண்டிக்கின் குளிரில், வெயில் பார்த்து வளர்ந்த மரமும் கயிறும் எப்படி நடந்துகொண்டிருக்கும்? அந்த ஐந்து பேரின் கை என்னென்ன வேலை பார்த்திருக்கும்? இப்படி ஒரு கேள்வியை எழுப்பும் கட்டுரை எனக்கு அகப்படவில்லை. 'தமிழன் அமெரிக்கா போனான்' என்பதோடு நமக்குத் திருப்தி வந்துவிடுகிறது. கப்பல் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கிறோமே தவிர, அதை மிதக்கவைத்தது எந்த வேலை என்று கேட்பதில்லை.

கலப்பற்று என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அரபியில் கல்ஃபத், போர்த்துகீசியத்தில் கலஃபதார், எல்லாம் ஒரே குடும்பம். மதம், மொழி, வியாபாரச் சண்டை எல்லாவற்றையும் தாண்டி, பலகை இடுக்கை அடைக்கும் வேலைக்குத் துறைமுகங்கள் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. கப்பல் கட்டும் தச்சனுக்கு ஓடாவி என்று தனிப்பெயரே வைத்திருந்த மொழி நம்முடையது. அந்த ஓடாவியைக் கதாநாயகனாக வைத்த ஒரு தமிழ் நாவலின் பெயரை உடனே சொல்லச் சொன்னால் எத்தனை பேரால் முடியும்?

*

இதைச் சிங்கப்பூரில் இருந்து எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூர் ஆற்றின் சரக்குப் படகுகளைப் பெரும்பாலும் ஓட்டியவர்கள் சூலியாக்கள், அதாவது தமிழ் முஸ்லிம்கள். பிறகுதான் அந்தத் தொழில் சீனர் கைக்குப் போனது. 1983இல் ஆற்றுச் சுத்திகரிப்பின்போது மிச்சமிருந்த சரக்குப் படகுகளைப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். இப்போது சூலியா ஸ்ட்ரீட் என்ற பெயர்ப்பலகை வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே நிற்கிறது. ஆற்றில் சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன.

படகு அருங்காட்சியகத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கே உதாரணம் இருந்தது. பெலிதுங் தீவருகே 1998இல் கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டு அரபுக் கப்பலின் மாதிரியில் ஓமானில் 'ஜுவல் ஆஃப் மஸ்கட்' என்ற 18 மீட்டர் கப்பலைக் கட்டினார்கள். பலகைகளை ஆணியே இல்லாமல் தென்னை நார்க் கயிற்றால் தைத்தார்கள். கட்டியவர்களில் கேரளத்துக் கைவினைஞர்களும் உண்டு. நம் சோழமண்டலக் கரையின் மசூலாப் படகும் இப்படித் தைத்ததுதான். 2010 பிப்ரவரி 16 அன்று மஸ்கட்டிலிருந்து கிளம்பி, கொச்சி, காலி, பினாங்கு வழியாக ஜூலை 3 அன்று சிங்கப்பூர் வந்தது. சிங்கப்பூருக்கு அன்பளிப்பு. அடுத்த வருடம் செந்தோசாவில் திறந்த கடல்சார் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். பள்ளியில் படித்தபோது எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அழகான விளக்கொளி, நல்ல ஏர்கான். தையலையெல்லாம் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அந்தத் தையலை இனி யார் இறுக்குவார்கள் என்று கேட்கும் வயது எனக்கு அப்போது இல்லை.

சுஹைலிக்கும் அதே கதிதான் வந்தது. லண்டன் கிரீனிச்சின் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் அதைக் கௌரவமாக வைத்தார்கள். தட்பவெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட காற்றில் தேக்குப் பலகைகள் சுருங்கி, இடுக்குகள் விரியத் தொடங்கின. தென்கடல் செய்யாததை உலர்ந்த அறை செய்துகொண்டிருந்தது. இப்படிச் சாக விடமாட்டேன் என்று 2002இல் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதை வெளியே எடுத்துப் பழுது பார்த்தார். கட்டுமரத்தைக் காயவைக்க வேண்டும், பலகைப் படகை ஈரத்திலேயே வைத்திருக்க வேண்டும். இன்னொரு விசித்திரம், மரப்படகை மட்கவைப்பதில் உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீருக்கே பங்கு அதிகம். உப்பு பூஞ்சையைத் தடுக்கும். அதனால் மேல்தளத்தில் ஒழுகும் ஒரு சின்ன இடுக்கு, அடியில் இருக்கும் பெரிய இடுக்கைவிட ஆபத்தாகலாம். நம்மூர் மாதிரி தினம் மழை பெய்யும் இடத்தில் மரப்படகில் குடியிருப்பவர்களின் அன்றாடக் கவலை அலையாக இருக்காது, மேலே இருந்து சொட்டும் நல்ல தண்ணீராகத்தான் இருக்கும். ஒரு சிறுகதைக்கு இந்த ஒரு தகவல் போதும்.

*

ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் நான் சந்திக்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். ராமநாதபுரத்துக்காரர், கப்பல் பட்டறையில் பிளாஸ்டிங் வேலை. உலர்துறையில் ஏற்றிய கப்பலின் அடிப்புறத்தைத் துருவும் சிப்பியும் போகச் சுத்தம் செய்து பெயின்ட் அடிப்பதற்குத் தயார்செய்பவர். கேம்பல் லேன் பக்கம் டீ குடித்துக்கொண்டே ஒருமுறை சொன்னார்: "தண்ணி மட்டத்துல பாசிதான் தம்பி இருக்கும், அடியில போனா சிப்பி. சுக்கான் பக்கம் போனீங்கன்னா இரும்பு குழி குழியா அரிச்சிருக்கும். தொட்டாலே தெரியும், எந்தக் கப்பல எவ்வளவு வெரட்டி ஓட்டியிருக்காங்கன்னு." அந்தக் குழிகளுக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு தனி அத்தியாயம் உண்டு. உந்துவிசிறி சுழலும் வேகத்தில் தண்ணீரில் குமிழிகள் உண்டாகி, அவை உடையும்போது இரும்பைக் கொத்தி எடுக்கும். நான் சமன்பாட்டோடு படித்ததை அவர் விரலால் படித்திருக்கிறார்.

இந்த அண்ணனைப் போன்றவர்களைப் பற்றி நம்மூரில் கதைகள் நிறைய வருகின்றன. விபத்து, ஏஜென்ட் கடன், ஊரில் சாவு, போன் பேச முடியாத இரவு. எல்லாமே உண்மை, எழுதப்பட வேண்டியவை. ஆனால் தொடர்ந்து வாசிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. அந்தக் கதைகளில் தொழிலாளிக்குத் துயரம் இருக்கிறது, தொழில் இல்லை. அவர் எங்கே நிற்கிறார், கையில் என்ன கருவி, எதைப் பார்த்து 'இது சரியில்லை' என்று முடிவெடுக்கிறார் என்பது தெரியாமலே அழுகிறோம். அவரும் புயலில் மாட்டிய தொங்கானாகிவிடுகிறார். இரக்கத்துக்குரியவர், ஆனால் ஒன்றும் தெரியாதவர். அறிவு முழுவதும் கதை சொல்பவரிடம். இதை நான் அழகியல் பிரச்சினையாக மட்டும் பார்க்கவில்லை. ஒருவருடைய திறமையை எழுதாமல் அவருடைய வேதனையை மட்டும் எழுதுவது அவரைப் பாதியாக்குவது.

பராமரிப்பை எழுதினால் அலுக்காதா, மேனுவல் ஆகிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாக்ஸ்-ஜான்ஸ்டனின் புத்தகத்திலும் சில பக்கங்கள் அலுப்பூட்டத்தான் செய்கின்றன. பாய்களின் பட்டியலை நானும் தாண்டிப் போனேன். ஆனால் ஆணி அடிக்கும் பக்கங்களை யாராலும் தாண்ட முடியாது. அங்கே ஒரு மனிதன் முயல்கிறான், தோற்கிறான், ஏன் தோற்றோம் என்று யோசிக்கிறான், வேறு வழியில் முயல்கிறான். கதைக்கு வேண்டியது இதைவிட வேறென்ன? மேனுவலில் யாரும் தோற்பதில்லை, அதனால்தான் அது அலுக்கிறது.

எனக்கு வாசிக்கக் கிடைக்க வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. வல்வெட்டித்துறைக்காரர் ஐந்து பேர், ஆண்டு 1938, அட்லாண்டிக். புயல் முந்தின நாளே போய்விட்டது. ஒருவர் கீழே இறங்கி, வங்குகளுக்கு நடுவே கையை வைத்து ஈரத்தைத் தடவிப் பார்க்கிறார். மேலே நிற்பவர்களிடம் எந்தப் பலகை என்று சொல்கிறார். ஒருவர் பஞ்சை எடுத்து வருகிறார். இதை எழுத ஆள் வேண்டும்.